பழைய பேப்பர் கடைக்குப் போன பாஸ் புக்குகள்

சென்ற ஆண்டு மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடியாத்தத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் 38 கிலோ காகிதத்தை எடைக்குப் போட்டோம். கிலோ 12 ரூபாய். 456 ரூபாய் கிடைத்தது. அந்தப் பணத்தில் பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அப்பாவின் படத்திறப்பு முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு பெரிய வேலையைச் சண்டை சச்சரவு இல்லாமல் முடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்தோம்.

இரவு சாப்பிட்டு முடித்ததும் அம்மா கேட்டார்: "பரண் மேல நூல் போட்டுக் கட்டி வச்சிருந்தனே, சின்னச் சின்ன நோட்டு. அது எங்க கீது?"

யாரும் பதில் சொல்லவில்லை. எங்களில் யார் அதைச் சாக்கில் போட்டது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மூன்று பேருமே போட்டிருக்கலாம்.

தோழர்களே, ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும், நம் வரலாற்றை நாமே எழுத வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள் நாங்கள். எங்களில் ஒருவர் சமூகவியலில் முதுகலை முடித்துப் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சமூகப் பணியில் இருப்பவர். அப்படிப்பட்ட நாங்கள் எங்கள் வீட்டிலேயே எதை வைத்துக்கொண்டோம், எதை எடைக்குப் போட்டோம் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறோம். உங்களில் பலர் வீட்டிலும் ஒரு பரண் இருக்கும், ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். ஒருநாள் நீங்களும் அதைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

அப்பா தபால்காரர். ஆனால் இலாகா ஊழியர் இல்லை. 1979இல் சேர்ந்தபோது அந்த வேலைக்கு 'ஈ.டி. ஏஜென்ட்' என்று பெயர். பிறகு 'கிராமின் டாக் சேவக்' என்று பெயர் மாறியது. பெயர்தான் மாறியதே ஒழிய, முழுநேர ஊழியருக்கு உள்ள ஓய்வூதியம் அவருக்கு வரவில்லை. குடியாத்தத்தைச் சுற்றி நான்கு கிராமங்கள், அவற்றின் காலனிகள் எல்லாவற்றுக்கும் சைக்கிளில் போய்க் கடிதம் கொடுப்பார். காலனியில் வீட்டுக்குள் உட்கார வைத்து மோர் கொடுப்பார்கள். கடிதத்தை அவரே படித்துச் சொல்ல வேண்டும், பதிலும் எழுதித் தர வேண்டும். ஊர்த் தெருவில் வாசலுக்கு வெளியே நின்று மணியடிக்க வேண்டும். சில வீடுகளில் கடிதத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு நகர வேண்டும். அவர் நகர்ந்த பிறகுதான் எடுப்பார்கள்.

அவருடைய பொழுதுபோக்கு தபால்தலை சேர்ப்பது. எங்கள் பக்கத்துச் சேரிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அங்கிருந்து கடிதம் வரும். பெங்களூர், பம்பாய், சிங்கப்பூர், பிறகு துபாய் என்று வந்துகொண்டே இருக்கும். படித்து முடித்ததும், "தலையைக் கிழிச்சிக்கட்டுமா?" என்று அப்பா கேட்பார். "உறையோட எடுத்துனு போப்பா, நாங்க வச்சி இன்னா பண்ணப் போறோம்" என்பார்கள். அப்படித் தொடங்கியது.

தபால்தலையோடு நிற்கவில்லை. குடியாத்தம் தீப்பெட்டிக்கும் பீடிக்கும் கைத்தறி லுங்கிக்கும் பேர்போன ஊர். தெருவில் கிடக்கும் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து நோட்டில் ஒட்டுவார். ஏப்ரல் 14 கூட்டத்து நோட்டீஸ், மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, தேர்தல் துண்டறிக்கை எல்லாம் ஆண்டுவாரியாகக் கட்டி வைப்பார். 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தபோது நம் இளைஞர்கள் நடத்திய சிற்றிதழ்கள், பிறகு 'தலித் முரசு' என்று எதையும் விடவில்லை. காலனிக்காரர்களுக்காக அவர் எழுதிய மனுக்களின் கார்பன் படிகள் தனி. சுடுகாட்டுப் பாதை, மனைப் பட்டா, தெருவிளக்கு, பஞ்சமி நிலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டு.

இதெல்லாம் இருந்தது ஒரு தொகுப்பு வீட்டில். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி. கம்பி துருப்பிடித்து, கூரையின் காரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் அப்பா தன் பெட்டிகளுக்குத்தான் முதலில் தார்ப்பாய் போடுவார். எங்களுக்குக் கோபம் வரும். எங்களில் இளையவர் கடன் வாங்கிக் கூரையைச் சரிசெய்யக் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை வேலை தொடக்கம். அதற்குள் பரண் காலியாக வேண்டும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு அவசரம்.

சனிக்கிழமை முழுவதும் கூடத்தில் உட்கார்ந்து பிரித்தோம். வாக்குவாதமும் நடந்தது. மூத்தவர், "படிச்சவங்க நீங்க ஆவணம் ஆவணம்னு சொல்றீங்க. மூணு மாசம் கழிச்சு இதைத் தொடைக்கிறது யாரு? அம்மாதானே?" என்றார். நியாயமான கேள்வி. இளையவர், "அப்பா தொட்ட எதையும் தூக்கிப் போடக் கூடாது" என்றார். அதுவும் நியாயம். சமூகவியல் படித்தவர் சொன்னதுதான் கடைசியில் எடுபட்டது: வேறு எங்கும் கிடைக்காததை வைத்துக்கொள்வோம், எங்கும் கிடைப்பதை விட்டுவிடுவோம்.

இந்த அளவுகோல் தவறில்லை என்று இப்போதும் நினைக்கிறோம். அன்று எங்கள் நினைவில் இருந்தது 'தமிழன்' இதழ். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் காலணா விலையில் தொடங்கி 1914இல் இறக்கும்வரை நடத்திய வார இதழ் அது. அவர் எழுத்துகள் பெருந்தொகுப்பாக நம் கைக்கு வந்தது 1999இல்தான். ஞான. அலாய்சியஸ் தொகுத்தார், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. அன்பு பொன்னோவியம் போன்ற தனிமனிதர்கள் வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' இதழின் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம்மில் எத்தனை பேர் அதன் ஒரு பக்கத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்?

பாபாசாகேப் வாழ்க்கையிலும் இது உண்டு. 1917இல் அவர் லண்டனிலிருந்து திரும்பியபோது, அவருடைய புத்தகங்களை ஏற்றிவந்த கப்பல் போரில் தாக்கப்பட்டு மூழ்கியது. பிறகு மும்பை தாதரில் ராஜகிருகம் வீட்டைக் கட்டியபோது புத்தகங்களுக்கென்றே இடம் விட்டுக் கட்டினார். 1956இல் அவர் இறந்த பிறகு, அச்சேறாத கையெழுத்துப் படிகள் பல ஆண்டுகள் பெட்டிகளிலேயே கிடந்தன. வசந்த் மூனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு மகாராஷ்டிர அரசு முதல் தொகுதியை வெளியிட்டது 1979இல். 'இந்து மதத்தின் புதிர்கள்' அச்சில் வந்தது 1987இல், அவர் மறைந்து 31 ஆண்டுகள் கழித்து. இந்திய அரசின் முதல் சட்ட அமைச்சருடைய காகிதங்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு ஈ.டி. ஏஜென்ட்டின் காகிதங்களை யார் காப்பாற்றுவார்கள்?

கோட்டையூர் ரோஜா முத்தையாவை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். புத்தகம், இதழ், நோட்டீஸ் என்று சுமார் ஒரு லட்சம் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. தமிழ் ஆய்வுக்கு அது பெரிய கொடை, அதில் சந்தேகமில்லை. ஆனால் சேர்த்ததைக் காப்பாற்ற முதலில் ஒழுகாத கூரை வேண்டும், கறையான் ஏறாத சுவர் வேண்டும். எங்கள் மக்களில் எத்தனையோ பேர் சேர்த்திருப்பார்கள். வெள்ளத்திலும் தீவைப்பிலும் குடிசை மாற்றத்திலும் போனது எவ்வளவு என்று கணக்கில்லை.

இப்படியெல்லாம் பேசிக்கொண்டுதான் பிரித்தோம். நோட்டீஸ், மனு, சிற்றிதழ், கடிதம், தபால்தலை ஆகிய ஐந்தும் 'வைப்பது'. அவற்றைத் துடைத்து அட்டைப்பெட்டிகளில் அடுக்கினோம். பழைய பாடப் புத்தகம், நாளிதழ், காலண்டர், கரண்ட் பில், மளிகைக் கணக்கு எல்லாம் 'போவது'. அம்மாவின் நோட்டுகள் எங்கள் கண்ணுக்கு மளிகைக் கணக்காகத் தெரிந்திருக்கின்றன.

அவை பீடி பாஸ் புக்குகள்.

அம்மா பதினான்கு வயதிலிருந்து பீடி சுற்றியவர். கல்யாணமாகி வந்த பிறகும் சுற்றினார். எங்களைப் பெற்றதும் வளர்த்ததும் மடியில் முறத்தோடுதான். வீட்டில் சுற்றுகிறவர்களுக்கு ஏஜென்ட் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார். கொடுத்த இலை எவ்வளவு, தூள் எவ்வளவு, திரும்ப வாங்கிய பீடி எத்தனை என்று தினமும் அதில் எழுத வேண்டும். 1991 முதல் 2009 வரை அம்மாவிடம் பதினொரு புத்தகங்கள் இருந்தன. பீடி கட்டும் நூலாலேயே அவற்றைக் கட்டி, ஒரு பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

ஏன் வைத்திருந்தார்? பீடித் தொழிலுக்கு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1977 முதல் பொருந்தும். வீட்டில் சுற்றுகிற பெண்களுக்கும் உண்டு. 10 ஆண்டுப் பணி இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் கேட்கலாம். குறைந்தபட்சத் தொகை 1000 ரூபாய். அம்மாவுக்குக் கொஞ்ச காலம் பிடித்தம் செய்தார்கள். நடுவில் கம்பெனி ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு மாறியது, ஏஜென்ட்டும் மாறினார். எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதற்கு அம்மாவிடம் இருந்த சான்று அந்தப் பதினொரு புத்தகங்கள்தான். அப்பா இருந்தவரை, "எழுதிப் போடலாம், போடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவர், வீட்டு மனுவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய்விட்டார்.

எங்களுக்கும் தெரியாது. பீடித் தொழிலாளர் பிள்ளைகள் என்று கல்வி உதவித்தொகை வாங்கிப் படித்தவர்கள் நாங்கள். முறைசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு பற்றி ஊர் ஊராகப் பயிற்சி வகுப்பு எடுக்கிறவர் எங்களில் இருக்கிறார். அம்மாவிடம், "உன் பி.எஃப். என்ன ஆச்சு?" என்று ஒருவரும் கேட்டதில்லை.

திங்கள் காலை கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றோம். எங்கள் சாக்குகள் ஞாயிறு சாயங்காலமே மொத்த வியாபாரியின் குடோனுக்குப் போயிருந்தன. கடைக்காரர் நல்ல மனிதர், கூடவே வந்தார். குடோனில் மலை மாதிரி காகிதம். கொத்தனார் வேலை ஒருபக்கம் நடக்க, நாங்கள் இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து தேடினோம். அம்மாவும் வந்தார். நாங்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "எனக்குத்தான் அடையாளம் தெரியும்" என்றார். முதல் புத்தகத்தை எடுத்தவரும் அவர்தான். நூல் அறுந்து, கட்டு சிதறியிருந்தது. கடைசியில் நான்கு கிடைத்தன. ஏழு கிடைக்கவில்லை.

அந்த நான்கையும் அன்று இரவு முதன்முறையாகப் படித்தோம். பேனாவில் ஏஜென்ட் எழுதிய எண்கள். ஓரத்தில் பென்சிலில் அம்மாவின் எழுத்து. அம்மா ஐந்தாம் வகுப்பு. ஏஜென்ட் தட்டில் கை விட்டு அள்ளி, இலை சரியில்லை, வாய் சரியில்லை என்று கழித்துத் தள்ளிய பீடியின் எண்ணிக்கையை அவர் எழுதமாட்டார். கழித்த பீடியையும் அவரே எடுத்துக்கொள்வார், கூலி மட்டும் கிடையாது. அம்மா வீட்டுக்கு வந்ததும் அந்த எண்ணிக்கையைப் பென்சிலில் குறித்திருக்கிறார். 40, 65, 110 என்று ஒவ்வொரு நாளும். வேலை குறைந்த நாட்களில் காரணமும் இருந்தது. 'மழை'. 'சின்னதுக்கு சுரம்'. 'இலை ஈரம்'. 'எங்கம்மா செத்துட்டாங்க'.

1998 ஆடி மாதத்துப் பக்கம் ஒன்றில், வழக்கமாக 800, 900 இருக்கும் இடத்தில் 350 என்று இருந்தது. பக்கத்தில் பென்சிலில், 'அவர அடிச்சிட்டாங்க'.

என்னவென்று கேட்டோம். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். ஊர்த் தெருவில் ஒரு வீட்டில் மணியார்டர் கொடுக்கும்போது கையெழுத்துக்காகப் பேனாவைக் கையில் கொடுத்திருக்கிறார் அப்பா. கீழே வைக்காமல் கையில் கொடுத்ததற்காக அந்த வீட்டு இளைஞர்கள் சைக்கிளைத் தள்ளிவிட்டு அடித்திருக்கிறார்கள். அப்பா புகார் கொடுக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். எங்களிடம் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். அந்தக் கட்டு எங்களுக்கும் நினைவிருக்கிறது.

அப்பாவின் பெட்டிகளில் மற்றவர்களுடைய வன்கொடுமைப் புகார்களின் படிகள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அவர் அடிபட்டதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அது இருந்தது அம்மாவின் பாஸ் புக்கில். நாங்கள் கிலோ 12 ரூபாய்க்குப் போட்ட காகிதத்தில்.

கிடைக்காத ஏழு புத்தகங்களில் என்ன எழுதியிருந்தது என்று அம்மாவைக் கேட்டோம். "எல்லாம் இதே மாதிரிதான். இன்னா இருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாப் பெட்டிகளையும் மறுபடி திறந்தோம். இந்த முறை அம்மாவை நடுவில் உட்கார வைத்துத்தான். முன்பு ஒரே நாளில் முடித்த வேலைக்கு இப்போது நான்கு மாதம் ஆனது. சனி, ஞாயிறு மட்டும். என்ன முடிவு செய்தோம் என்று சொல்கிறோம். உங்களுக்கு ஏதாவது உதவலாம்.

தபால்தலைகளுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று எங்களுக்கு ஒரு நப்பாசை இருந்தது. சென்னையில் ஒரு வியாபாரியிடம் காட்டினோம். அப்பா எல்லாவற்றையும் கோந்து போட்டு நோட்டில் அழுத்தி ஒட்டியிருக்கிறார். அப்படி ஒட்டினால் மதிப்பு போய்விடுமாம். மொத்தத்துக்கும் 400 ரூபாய் தருவதாகச் சொன்னார். திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். அதில் ஒரு நோட்டுக்கு 'நம்மவர்' என்று பெயர் எழுதியிருந்தார் அப்பா. 1966இல் வந்த 15 பைசா அம்பேத்கர் தலை முதல் பக்கத்தில். பிறகு 1977 ஜோதிராவ் புலே, 1978 பெரியார், 1998 சாவித்திரிபாய், 2000 இரட்டைமலை சீனிவாசன், 2005 அயோத்திதாசர், 2010 இமானுவேல் சேகரன். ஒவ்வொன்றின் கீழும் அவர் யார், எப்போது இறந்தார் என்று இரண்டு வரி. அயோத்திதாசர் இறந்து 91 ஆண்டு கழித்துத் தலை வந்திருக்கிறது என்று அப்பாவே கழித்துப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த நோட்டு இப்போது எங்கள் காலனியின் மாலைப் பள்ளியில் இருக்கிறது. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிறார்கள். அழுக்காகும், கிழியும். ஆகட்டும். தீப்பெட்டிப் படங்களையும் அங்கேயே கொடுத்துவிட்டோம்.

சிற்றிதழ்களைப் பட்டியல் போட்டு, ஒரு நூலகத்துக்கு முதலில் பட்டியலை மட்டும் அனுப்பினோம். அவர்களிடம் இல்லாத இதழ்களை வாங்கிக்கொண்டார்கள். மீதியைப் படிக்கும் மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தோம். இருக்கிற நூலகத்துக்கே ஐந்தாவது படியைக் கொடுப்பதில் பயனில்லை.

நோட்டீஸ்களும் மனுக்களும் எந்த நூலகத்திலும் இருக்காது. அவற்றை ஸ்கேன் செய்தோம். மூலத்தை ஊரிலேயே வைத்திருக்கிறோம். சுடுகாட்டுப் பாதை மனுவின் கார்பன் படியில் சர்வே எண் இருக்கிறது. போன ஐப்பசியில் பாதையை மறித்து வேலி போட்டபோது அந்தப் படிதான் கைகொடுத்தது. சென்னையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்திருந்தால் அன்று எங்களுக்குப் பயன்பட்டிருக்காது.

கடிதங்கள்தான் கடினம். கோலாரிலிருந்து வந்த உறைகளில் தபால்தலை கிழிக்கப்படாத பலவற்றில் கடிதமும் அப்படியே இருந்தது. சுரங்கத்தில் மண் சரிந்தது, கூலி போதவில்லை, அங்கே வேறொரு குடும்பம் வைத்திருப்பது, பணம் அனுப்பாததற்கு மன்னிப்பு என்று எல்லாம் அதில் உண்டு. 2001இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கங்களைப் பற்றி ஆய்வு செய்கிறவர்களுக்கு அது பொக்கிஷம். எங்களில் சமூகவியல் படித்தவருக்குக் கை பரபரத்தது உண்மை. ஆனால் படிக்கத் தெரியாத ஒரு பெண் தபால்காரரிடம் தபால்தலைக்காகக் கொடுத்த உறை அது. தன் வாழ்க்கையை ஆய்வுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தோம். சிலர் அங்கேயே உட்கார்ந்து படிக்கச் சொன்னார்கள். இரண்டு குடும்பத்தார், "பசங்க படிப்புக்கு உதவும்னா வச்சிக்குங்க" என்று திருப்பித் தந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி கட்டைக் கையில் வாங்கி, பிரிக்காமல், "கொளுத்திடு" என்றார். அவர் கண்ணெதிரே கொளுத்தினோம். படி எடுத்து வைக்கவில்லை.

அதேபோல் மனுக்களில் பெண்களின் பெயரோடு இருந்த சில புகார்களைத் தனியாக உறையிலிட்டு ஒட்டிவிட்டோம். ஸ்கேன் செய்த எதையும் முகநூலில் போடவில்லை. பழைய ஆவணம் ஒன்று கையில் கிடைத்ததும் படமெடுத்துப் பகிர்வது இப்போது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அதில் பெயர் இருக்கிறவர்கள் உயிரோடு, அதே ஊரில், அதே ஊர்க்காரர்களிடம் கூலிக்குப் போய்க்கொண்டிருக்கலாம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மாணவத் தோழர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். பழைய காகிதத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், அது மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்னும். ஸ்டேப்ளர் பின்னையும் குண்டூசியையும் எடுத்துவிடுங்கள், துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். பின்பக்கம் எழுத வேண்டுமானால் பென்சிலால் எழுதுங்கள். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றும் யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் போன பிறகு காகிதம் இருக்கும், விவரம் இருக்காது.

இதையெல்லாம் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும்தான் ஏழு புத்தகங்களைத் தொலைத்தோம். அதனால் இன்னொன்றையும் சொல்கிறோம். வீட்டில் சேகரிப்பாளர் என்று பெயர் வாங்கியவரின் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், அந்தப் பெயர் இல்லாதவரிடம் போய், "உன்னுடையது எது?" என்று கேளுங்கள். அப்பா சேர்த்ததை வாழ்நாள் முழுவதும் தொகுப்பு என்றோம். அம்மா சேர்த்ததை நாங்கள் பார்க்கவே இல்லை. சமையலறை டப்பா, அரிசி மூட்டைக்குப் பின்னால், தலையணை உறைக்குள் என்று அவர்கள் வைக்கும் இடம் வேறாக இருக்கும். எதைக் குப்பை என்று ஊர் ஒதுக்கியது, எதை வரலாறு என்று வைத்துக்கொண்டது என்று நாம் ஊரைப் பார்த்துக் கேட்கிறோம். அதே கேள்வியை அம்மா எங்களைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

பி.எஃப். விஷயம் இன்னும் முடியவில்லை. கிடைத்த நான்கில் ஒன்றின் முதல் பக்கத்தில் கணக்கு எண் இருந்தது, அது பெரிய அதிர்ஷ்டம். ஆனால் நான்கு புத்தகத்தை வைத்து 10 ஆண்டை நிரூபிக்க முடியவில்லை. பீடித் தொழிலாளர் சங்கத் தோழர் ஒருவர் ஒரு வழி சொன்னார். அதே ஏஜென்ட்டிடம் சுற்றிய மற்ற பெண்களின் பாஸ் புக்குகளையும் சேர்த்தால், கையெழுத்தையும் தேதியையும் ஒப்பிட்டுக் காட்டலாம் என்றார். அம்மா தெருவில் சொன்னார். ஒரு வாரத்தில் ஒன்பது பெண்கள் வந்தார்கள். ஒருவர் புடவை மடிப்பிலிருந்து எடுத்தார், ஒருவர் மாவு டப்பாவிலிருந்து. மொத்தம் 52 புத்தகங்கள். சிலவற்றில் ஓரத்தில் பென்சில் குறிப்புகள் இருந்தன. ஆக, அம்மா மட்டும் எழுதவில்லை.

பத்து பேரும் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறார்கள். நிலுவையில் இருக்கிறது. இரண்டு முறை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். படிகளைத்தான் கொடுத்தோம், மூலத்தைக் கொடுக்கவில்லை. அந்த 56 புத்தகங்களும் இப்போது எங்கள் வீட்டில்தான், அப்பாவின் தபால்தலை வைத்திருந்த தகரப் பெட்டியில் இருக்கின்றன. புதிய கூரை ஒழுகவில்லை. பெட்டியின் சாவி அம்மாவிடம் இருக்கிறது. எங்களில் யாருக்காவது பார்க்க வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். "கைய கழுவினு வா" என்கிறார்.

ஜெய்பீம்.